தகவல்சார் சாவிச்சொற்களைக் கண்டறிதல்

இணையத்தளம் அமைக்கும் செயற்றிட்டத்தில் மாணவர்கள் பலர் படங்களுக்கும் நிறங்களுக்கும் பல நாட்களைச் செலவிடுவர். உள்ளடக்கத்தை மட்டும் கடைசி இரவில் எழுதுவர். இத்தளத்தை யார், எந்தச் சொல்லைத் தட்டச்சுச் செய்து தேடி வருவார் என்று கேட்டால் விடை இராது.

தேடற்பொறியில் ஒருவர் தட்டச்சுச் செய்யும் சொல் அல்லது சொற்றொடர் சாவிச்சொல் எனப்படும். தேடுபவரின் நோக்கத்தைக் கொண்டு தேடல்களை மூன்றாக வகுக்கும் முறையை ஆண்ட்ரே புரோடர் என்னும் கணினி விஞ்ஞானி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். பரீட்சைத் திணைக்களத்தின் தளம் போன்ற குறித்த ஒரு தளத்தை அடைய விரும்புவது ஒரு வகை. வாங்குதல், பதிவிறக்குதல் போன்ற ஒரு செயலை முடிக்க விரும்புவது இன்னொரு வகை. ஒரு விடயத்தை அறிய விரும்புவது மூன்றாவது வகை. இதுவே தகவல்சார் தேடலாகும். கட்டுரைகளைக் கொண்ட சிறிய தளம் ஒன்றுக்கு வாசகர் பெரும்பாலும் இவ்வழியாகவே வருவர்.

நீங்கள் பனை உற்பத்திகள் பற்றி மட்டும் ஒரு தளம் அமைக்கிறீர்கள் எனக் கொள்வோம். "பனை" என்பது நல்ல சாவிச்சொல்லா? அதைத் தேடுபவருக்குப் படம் வேண்டுமா, கட்டுரை வேண்டுமா, விதை வேண்டுமா என்று அறிய முடியாது. "ஒடியல் மா கசப்பது ஏன்" என்று தேடுபவரின் தேவையோ தெளிவானது. ஏன், எப்படி, எத்தனை நாள், வேறுபாடு என்ன, சாப்பிடலாமா போன்ற சொற்கள் சேரும்போது தேடல் தகவல்சார்ந்ததாகின்றது.

இவற்றைக் கண்டறியக் கூகிளின் தேடற் பெட்டியே முதற் கருவி. "பனங்கிழங்கு" எனத் தட்டச்சுச் செய்து ஓர் இடைவெளி விட்டுச் சற்றுப் பொறுங்கள். பிறர் தேடிய சொற்றொடர்களை ஒட்டிய முன்மொழிவுகள் கீழே தோன்றும். பின்னர் அ, ஆ, எ என ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். உங்களுடைய பழைய தேடல்கள் முன்மொழிவுகளைப் பாதிக்கும் என்பதால் மேலோடியின் மறைநிலைச் சாளரத்தில் இதைச் செய்வது நல்லது. விடைப் பக்கத்தில் தொடர்புடைய கேள்விகளும் தேடல்களும் காட்டப்பட்டால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம். நாம் எழுதும் சொல்லும் வாசகர் தேடும் சொல்லும் ஒன்றாக இருப்பதில்லை. நாம் பனங்கட்டி என்கிறோம். தமிழ்நாட்டில் கருப்பட்டி என்பர். பாடநூல் நீரிழிவு என்கிறது. வீட்டில் அம்மம்மா சலரோகம் என்பார். கடைக்காரர் "சுகர்" என்பார். தமிழ்நாட்டு வாசகர் சர்க்கரை நோய் எனத் தேடுவார். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சுச் செய்வோரும் உளர். எனவே ஒரு கேள்விக்கு நான்கு வடிவங்களையாவது எழுதிவைத்து, கட்டுரையில் இயல்பாக வரக்கூடிய இரண்டை எடுங்கள்.

"சலரோகம் உள்ளவர் பனங்கட்டி சாப்பிடலாமா" என்பது நல்ல தகவல்சார் சாவிச்சொல். ஆனால் அதைத் தேடுபவர் நோயாளியாகவோ அவரது பிள்ளையாகவோ இருக்கலாம். பனங்கட்டியிலும் பெரும்பகுதி வெல்லமே. அதுவும் குருதியில் வெல்லத்தின் அளவைக் கூட்டும். வாசகரைக் கவர்வதற்காக "தாராளமாகச் சாப்பிடலாம்" என எழுதிவிடாதீர்கள். சரியான விடை தரமுடியாத கேள்வியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இரு சொற்களை ஒப்பிடக் கூகிள் ட்ரெண்ட்ஸ் உதவும். இலங்கை, இந்தியா என நாட்டைத் தனித்தனியே தெரிவு செய்க. அதில் காணப்படும் 0 முதல் 100 வரையான எண்கள் தேடியோரின் எண்ணிக்கை அல்ல. ஒப்பீட்டு அளவு மாத்திரமே. அரிதாகத் தேடப்படும் சொற்களுக்குப் போதிய தரவு இல்லை என்றே வரும். அதற்காகச் சோர வேண்டாம். சந்தையில் ஒடியல் விற்கும் அம்மாவிடம், வாங்க வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். என் அனுபவத்தில் மாணவர்களின் மிகச் சிறந்த பட்டியல்கள் அப்படித்தான் கிடைத்துள்ளன.

தெரிந்த சாவிச்சொல்லைப் பக்கத்தின் தலைப்பிலும் முதற் பந்தியிலும் பொருத்தமான உபதலைப்பிலும் இடுங்கள். வரிக்கு வரி திணித்தால் கூகிள் அதைக் குப்பையாகவே கருதும். மெற்றா குறியில் நாற்பது சாவிச்சொற்களை அடுக்குவதும் வீண். தரப்படுத்தலுக்கு அக்குறியைப் பயன்படுத்துவதில்லை எனக் கூகிள் 2009இலேயே அறிவித்துவிட்டது. எனினும் பரீட்சையில் மெற்றா குறியின் பயன் கேட்கப்பட்டால், பக்கம் பற்றிய விபரங்களைக் குறிப்பிடுவது என எழுதுக.

பயிற்சி: ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்து ஐந்து தகவல்சார் சாவிச்சொற்களை எழுதுக. ஒவ்வொன்றையும் தேடக்கூடியவர் யார் என ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுக.