ஓரத்தில் கிடைத்த வியாபாரம்

தளபாடம் வாங்க வருபவர் மேசையின் நடுப்பகுதியைவிட விளிம்பைத்தான் தடவிப் பார்க்கிறார். சட்டை வாங்குபவர் மடிப்பைப் புரட்டிப் பார்க்கிறார். புல்தரையும் அப்படித்தான். நடுவில் எவ்வளவு சீராக வெட்டினாலும், மதிலோரத்திலும் மரத்தடியிலும் புல் நீட்டிக்கொண்டு நின்றால் வேலை முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஹாட்வெயார் வியாபாரத்தில் இருப்பதால், இந்த ஓரப் புல்லை வெட்டும் கருவியின் கதையில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் நடனப் பள்ளி நடத்தியவர் ஜோர்ஜ் பலாஸ். 1971இல் கார் கழுவும் நிலையமொன்றில், சுழலும் நைலோன் தூரிகைகள் காரின் இடுக்குகளில் புகுந்து, பெயின்ட் கெடாமல் அழுக்கை எடுப்பதைக் கவனித்தார். வீட்டு மரங்களைச் சுற்றியுள்ள புல்லையும் இப்படி வெட்டலாமே என்று தோன்றியது. சோளப்பொரி வந்த தகரப் பேணியில் துளையிட்டு, தடித்த தங்கூசி நூலைக் கோத்து, ஓரம் வெட்டும் இயந்திரமொன்றில் பூட்டிச் சுழற்றினார். தொய்ந்து கிடந்த நூல் வேகத்தில் விறைத்துப் புல்லை அறுத்தது. கல்லில் பட்டால் தேய்வது நூல் மட்டுமே.

கருவி உற்பத்தி செய்யும் கம்பனிகளிடம் கொண்டுபோனார். எல்லோரும் கைவிரித்தார்கள். நூலால் புல் வெட்டுவதாவது! வேறு வழியின்றித் தானே தயாரித்து, 'வீட் ஈட்டர்' என்று பெயரிட்டுச் சந்தைக்கு விட்டார். 1972இல் விற்பனை 5 இலட்சம் டொலரைத் தாண்டியது. 1977இல் ஆண்டு விற்பனை 80 மில்லியன் டொலர். அதே ஆண்டு எமர்சன் இலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

பெரிய கம்பனிகள் புல்தரையின் நடுவைப் பார்த்தன. அவர் அவர்களது இயந்திரம் விட்டுப்போன ஓரத்தைப் பார்த்தார். என் கணிப்பில் அதைவிடச் சுவையான விடயம் அந்த நூல்தான். இயந்திரம் வாங்கியவர் மறுபடி வரப் பல வருடமாகும். நூல் தீர்ந்தவர் சில வாரங்களில் வந்து நிற்பார். ஆகவே இயந்திரம் விற்கும் சகோதரர்கள் 2.4 மில்லிமீற்றர் நூலை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கவிட வேண்டாம். காய்ந்த நைலோன் பொடுக்கென்று முறியும். முறிகிறது என்று வருபவரிடம், ஓரிரவு தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். இளங்கன்றுகளின் பட்டையை நூலும் உரித்துவிடும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.