புறணியின் அடுக்குகளைப் பிரித்தறியும் காந்தம்

மருத்துவமனையில் நாம் பார்க்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை உள்ளது. மூளை ஆய்வுக்கூடங்கள் 7 டெஸ்லாவுக்குப் போய்விட்டன. பூமியின் காந்தப்புலத்தைப்போல் அது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். பிரான்சில் சாக்லே ஆய்வு மையத்தில் உள்ள 11.7 டெஸ்லா காந்தத்தின் எடை 132 டன். உயிருள்ள மனித மூளையை அது எடுத்த முதல் படங்கள் 2024-இல் வெளியாயின. படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக விழ இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. தெளிவுக்காக மட்டும் என்றால் நானும் கேட்பேன். ஆனால், மூளையில் ஒரு செய்தி எந்தத் திசையில் போகிறது என்பதை மண்டையைத் திறக்காமல் அறிய இதில் வழி இருக்கிறது.

பெருமூளைப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஆறு அடுக்குகள். பொதுவாகச் சொன்னால், புலன்களிலிருந்து வரும் செய்தி நடு அடுக்கில் இறங்குகிறது. மூளையின் மற்றப் பகுதிகளிலிருந்து திரும்பி வருவது அதற்கு மேலும் கீழும் சேர்கிறது. உடலுக்கான கட்டளை ஆழத்து அடுக்கிலிருந்து புறப்படுகிறது. 3 டெஸ்லா கருவி மூளையின் செயலை வழக்கமாக 2, 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பார்க்கிறது. அப்படி ஒன்று எல்லா அடுக்குகளையும் சேர்த்து விழுங்கிவிடும். இந்த இடம் வேலை செய்தது என்று தெரியும். செய்தியைப் பெற்றதா, கட்டளையிட்டதா என்பது தெரியாது. மூளையின் செயலைக் கருவி இரத்தத்தின் வழியேதான் காண்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்று 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டார்கள். அதைக்கொண்டே மூளை இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் படம்பிடிக்கலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். புலம் வலுத்தால் இந்த மாற்றமும் வலுவாகத் தெரியும். அதனால் கனசதுரத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே சுருக்கினாலும் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கிவிடுவதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 7 டெஸ்லாவில் செய்து 2017-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். விரலை அசைத்துத் தட்டியபோது இயக்கப் புறணியில் மேலே ஒரு பட்டை, ஆழத்தில் ஒரு பட்டை என இரண்டு தெரிந்தன. கையை அசைக்காமல் தொடுவுணர்வை மட்டும் கொடுத்தபோது மேல்பட்டையே ஓங்கி நின்றது.

கருவி காண்பது இரத்தத்தைத்தானே, நரம்பணுவை அல்லவே என்பது வலுவான மறுப்பு. ஆழத்தில் ஆக்சிஜனை இழந்த இரத்தம் சிறு சிரைகள் வழியே மேற்பரப்புக்கு வடிகிறது. கீழே நடந்த வேலை மேலே நடந்ததுபோல் தோன்றிவிடும். குறை உண்மைதான். அதனால்தான் மேற்சொன்ன ஆய்வாளர்கள் ஆக்சிஜனை விட்டுவிட்டு, நாளங்களில் இரத்தத்தின் கன அளவு எவ்வளவு கூடுகிறது என்று அளக்கும் 'வாசோ' முறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் சமிக்ஞை மெலிந்தாலும் இடப்பிசகு வெகுவாகக் குறைகிறது. 7 டெஸ்லாவில், படமெடுக்கப் பயன்படும் ரேடியோ அலை தலைக்குள் சீராகப் பரவுவதில்லை என்ற தொல்லையும் உண்டு. பல அலைபரப்பிகளைத் தனித்தனியே இயக்கி அதைச் சமாளிக்கிறார்கள்.

விலங்குகளின் மூளையில் மின்முனை செருகி அடுக்கடுக்காக நேரே அளக்கலாமே என்றும் கேட்பார்கள். அளக்கிறார்கள், அடுக்குகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அப்படித்தான் கிடைத்தது. ஆனால் ஒரு வரியை வாசிப்பதையும் பேச்சைப் புரிந்துகொள்வதையும் எலியிடம் ஆராய முடியாது. நலமாக இருக்கும் மனிதரிடம் அவற்றை அடுக்களவில் ஆராய இன்று கையில் இருக்கும் சிறந்த வழி இந்தக் காந்தங்கள்தான்.