மை எவ்வளவு வேண்டும்?

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில்களும் பட்டுச் சேலைகளும் நம் நினைவிற்கு வருகின்றன. காஞ்சியை அடுத்துள்ள தென்னேரி முதலிய ஊர்களிலும் தறியோசை கேட்கலாம். அங்கெல்லாம் நெசவாளர் தறியில் அமர்வதற்கு முன்னரே, சாயம் தோய்ப்பவர் ஒரு கணக்கைச் செய்து முடித்திருப்பார். கச்சாப் பட்டு நூலின்மீது இயற்கையாகவே ஒருவகைப் பசை படிந்திருக்கும். நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அப்பசையை நீக்குவர். நீக்கியபின் நூலின் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிடும். எஞ்சிய எடைக்கு ஏற்பவே சாயத்தை அளந்து கலப்பர். ஒரு சேலையின் உடலுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே கலவையில் தோய்த்துவிட வேண்டும். பாதியிலே சாயம் தீர்ந்து, மறுமுறை கலக்க நேர்ந்தால், அரக்கு நிறம் அரக்காகவே இருப்பினும் முன்னதும் பின்னதும் ஒத்திரா. தனித்தனியே பார்க்கும்போது தெரியாத வேறுபாடு, தறியில் அருகருகே வரும்போது கண்ணை உறுத்தும்.

அச்சகத்தாரும் இத்தகைய கணக்கு ஒன்றைச் செய்தே தீரவேண்டும். பத்தாயிரம் புத்தகங்களை அச்சிட ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்று கொள்வோம். தாள் எவ்வளவு வேண்டும் என்பதை அவர் எளிதில் சொல்லிவிடுவார். தாளை எண்ணலாம் அன்றோ? மையை எண்ண இயலாது. செலவிலும் தாளின் விலைக்கு முன் மையின் விலை சிறியதே. ஆதலின் அதனைப் பொருட்படுத்தாது விடுவாரும் உளர். ஆயினும் தாள் நிறைய இருக்க, மை தீர்ந்து எந்திரம் நிற்குமாயின், பள்ளி திறக்கும் நாளில் மாணவர் கையில் புத்தகம் இராது. வேண்டியதினும் மிகுதியாக வாங்குவதும் தவறேயாகும். ஒரு வேலைக்கென்று தனியே கலந்த நிறம் வேறு வேலைக்கு உதவாது. திறந்த டப்பாவில் நாட்படக் கிடந்தால், காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மையின்மேலும் ஏடு படிந்துவிடும்.

சாயக்காரர் எடையைக் கொண்டு கணக்கிடுகிறார். அச்சகத்தாரோ பரப்பைக் கொண்டு கணக்கிட வேண்டும். தாளின்மேல் மை எவ்வளவு பரப்பில் படிகிறது, எவ்வளவு கனத்தில் படிகிறது என்னும் இரண்டையும் அறிந்தால் போதும்.

முதலில் கனத்தை நோக்குவோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான் எனப்படும். இக்காலத்தில் பெரும்பாலான புத்தகங்கள் ஆப்செட் எந்திரங்களில் அச்சாகின்றன. அவற்றில் தாளின்மீது படியும் மையின் கனம் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் அளவே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்திற்கு மை பூசினால் அதன் பருமன் சரியாக ஒரு கன சென்டிமீட்டர் ஆகும். மை தண்ணீரினும் சற்றே கனமானது. ஆதலின் அதன் எடையை ஏறத்தாழ ஒரு கிராம் என்று கொள்ளலாம். எனவே, மை எத்தனை மைக்ரான் கனத்தில் படிகிறதோ, ஏறத்தாழ அத்தனை கிராம் மை ஒரு சதுர மீட்டருக்குச் செலவாகும். அச்சுத் தொழிலில் இதைவிட எளிய கணக்கு வேறொன்றை நான் கண்டதில்லை. வழவழப்பான ஆர்ட் காகிதத்தில் மை மேலேயே நிற்கும். புத்தகங்களின் உட்பக்கத்திற்குரிய சாதாரணத் தாளோ மையைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். அதற்குச் சற்று மிகுதியாகவே வேண்டும். பட்டையான திரை அச்சில் மை பன்மடங்கு கனமாகப் படியும். பொன்னிற மையில் உலோகத்தூள் கலந்திருப்பதால் அதன் எடையும் மிகுதி.

இனிப் பரப்பைக் காண்போம். இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தை எட்ட நின்று பார்த்தால் கருமையே மிகுந்திருப்பதுபோலத் தோன்றும். உண்மை அங்ஙனமன்று. கோடுகளுக்கு நடுவிலும், சொற்களுக்கு இடையிலும், எழுத்துகளின் சுழிகளுக்குள்ளும் வெண்மையே பரவியுள்ளது. மாணவர்களே! ஐயமிருப்பின் நீங்களே அளந்து பார்க்கலாம். பெரிய எழுத்தில் அச்சான ஒரு தலைப்பின்மேல், ஊடே பார்க்கத்தக்க கட்டத்தாள் ஒன்றை வையுங்கள். கருமை நிறைந்த சிறு கட்டங்களை எண்ணுங்கள். பாதி நிறைந்த கட்டங்கள் இரண்டினை ஒன்றாகக் கொள்ளுங்கள். பின்னர் அந்த எண்ணிக்கையை மொத்தக் கட்டங்களோடு ஒப்பிடுங்கள். இக்காலத்தில் இவ்வேலையைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் செய்து, ஒவ்வொரு நிறத்திற்கும் உரிய பரப்பைத் தனித்தனியே கூறிவிடுகிறது. எனினும் கட்டத்தாளைக் கொண்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்க்கே கணிப்பொறி கூறும் எண்ணின் பொருள் விளங்கும்.

எழுத்துகள் பத்தில் ஒரு பங்கினை மறைக்கின்றன என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குச் செய்வோம். அச்சிடும் பகுதி 20 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் அகலமும் உடையது எனின், அதன் பரப்பு 280 சதுர சென்டிமீட்டர். அதில் மை படிவது 28 சதுர சென்டிமீட்டர். புத்தகத்திற்கு 160 பக்கங்கள், புத்தகங்கள் 10,000. பெருக்கினால் 4,480 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 2 கிராம் வீதம் 8,960 கிராம், அதாவது ஏறத்தாழ 9 கிலோகிராம் கருப்பு மை வேண்டும். ஒரு பக்கத்தைப் பத்தாயிரம் முறை அச்சிட 56 கிராம் மையே செலவாகிறது!

அதே புத்தகத்தின் மேலட்டை முழுவதும் அரக்கு நிறம் பூசப்பட வேண்டுமென்று கொள்வோம். அட்டை 24 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமும் உடையது. முன்னும் பின்னும் சேர்த்துப் பத்தாயிரம் புத்தகங்களுக்கு 864 சதுர மீட்டர். வழவழப்பான தாளாதலின் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிராம் போதும். அங்ஙனமாயினும் 1,296 கிராம் ஆகிறது. எழுத்துப் பக்கங்கள் 23 உண்ணும் மையை ஓர் அட்டை உண்டுவிடுகிறது. பக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மை வாங்குபவர் இடர்ப்படுவது இதனாலேதான்.

வேலையைத் தொடங்குமுன் பொருளைக் கணக்கிடும் தேவை நம் நாட்டில் புதியதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய அச்சகத்திற்கு 1713ஆம் ஆண்டில் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது என்பது தெரிந்தது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அந்நூல் 1715இல் நிறைவுற்றது. எழுத்தைச் சிறிதாக்கினால் மையும் குறையுமா? எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் அது பிடிக்கும் தாளும் காற்பங்காகும். அதற்குரிய மையும் காற்பங்காகும். பக்கத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள விகிதமோ மாறுவதில்லை. ஒரு பக்கத்தின் மைச்செலவு முன்போலவே இருக்க, பக்கங்களே குறைகின்றன.

இதுகாறும் கூறியது தாளின்மேல் படியும் மையின் கணக்கு. எந்திரம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மை வேறு உண்டு. திருமண அழைப்பிதழ் 500 அச்சிட வேண்டும் என்க. இதழ் 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு எழுத்து. கணக்கிட்டால் 3 கிராம் மையே வரும். ஆனால் மூன்று கிராம் மையைத் தொட்டியில் இட்டு எந்திரத்தை ஓட்ட முடியுமா? உருளைகள் அனைத்தும் மையை ஏற்றுக்கொண்ட பின்னரே தாளுக்கு மை வரும். வேலை முடிந்தபின் உருளைகளைக் கழுவும்போது அந்த மை வீணாகிவிடும். ஆதலின் சிறு வேலைகளில் தாள் உண்பதினும் எந்திரம் உண்பது மிகுதி. பெரு வேலைகளிலோ இது கணக்கில் தெரியாமலே மறைந்துவிடும்.

இவ்வுண்மையைத் தேர்தல் மையிலும் காணலாம். 1937இல் மைசூரில் தொடங்கப்பெற்ற அரக்கு, வண்ணத் தொழிற்சாலை, 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் வாக்காளரின் விரலில் இடும் அழியாத மையைச் செய்து வருகிறது. பத்து மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பி ஏறத்தாழ 700 பேருக்குப் போதும். 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு 26 இலட்சத்திற்கு மேற்பட்ட குப்பிகள் வாங்கப்பெற்றன. பெருக்கிப் பார்த்தால் அவை 180 கோடிப் பேருக்கு மேல் போதும். வாக்காளரோ ஏறத்தாழ 97 கோடியினர். கணக்குப் பிழையா? அன்று. வாக்குச்சாவடிகள் பத்து இலட்சத்திற்கு மேல். முந்நூறு பேர் உள்ள சாவடிக்கும் ஒரு முழுக் குப்பி வேண்டும். எண்ணூறு பேர் உள்ள சாவடிக்கு இரண்டு வேண்டும். மலையூரில் எஞ்சிய மை கடற்கரையூரில் தீர்ந்ததை ஈடுசெய்ய வாராது.

அனுபவம் மிக்க அச்சகத்தார் கணக்கோடு நில்லார். வேலை தொடங்குமுன் மை டப்பாவை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வர். முடிந்தபின் மீண்டும் நிறுப்பர். செலவான மையைப் பரப்பினால் வகுத்து, இன்ன எந்திரத்தில், இன்ன தாளில், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஏட்டில் எழுதி வைப்பர். அடுத்த வேலைக்கு அந்த எண்ணே அளவாகும். தனியே கலக்க வேண்டிய நிறமாயின், கணக்கில் வந்ததற்குமேல் சிறிது கூட்டி ஒரே முறையில் கலந்துவிடுவர்; அதில் ஒரு துளியைத் தாள் துண்டொன்றில் தேய்த்து, நாளும் எடையும் எழுதி, அந்த ஏட்டிலேயே ஒட்டி வைப்பர்.