பீங்கான் பல் ஏன் தெறிப்பதில்லை?

பெரியகுளத்தில் பல்லுக்கு கேப் போடப் போனால், "ஜிர்கோனியா போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். அதுவும் பீங்கான்தான். மாங்கொட்டையைக் கடித்தால் தேநீர்க் கோப்பை மாதிரி தெறித்துவிடாதா?

சுத்தமான ஜிர்கோனியா தெறிக்கத்தான் செய்யும். சூளையில் சுமார் 1170 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் அணுக்கள் நெருக்கமான அடுக்குக்கு மாறும். ஆறும்போது பழைய அடுக்குக்குத் திரும்பி, 4 சதவீதத்துக்கு மேல் பருத்துவிடும். அதோடு சில்லுசில்லாகும். 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்து, உள்ளிருக்கும் படிக மணிகளையும் மிகச் சிறியதாக வைத்துக்கொண்டால், ஆறிய பிறகும் அந்த நெருக்கம் கலையாது. பின்னாளில் விரிசல் கிளம்பினால், அதன் முனையிலுள்ள மணிகள் மட்டும் அப்போது பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. உடைத்த குணமே காவலுக்கு நிற்கிறது! 1975இல் இதை எழுதிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கட்டுரைக்கு 'பீங்கான் எஃகா?' என்றே தலைப்பிட்டார்கள்.

மணிகள் அவ்வளவு சிறியதாக இருக்க, நானோ பொடியில் தொடங்க வேண்டும். அதற்கு ஜிர்கோனியம், இட்ரியம் உப்புகளின் கரைசலில் அம்மோனியா விட்டால் தயிர்போலத் திரளும். கழுவி, உலர்த்தி, சுமார் 600 டிகிரியில் சுட வேண்டும். செம்பு இலக்கின் எக்ஸ் கதிர்ச் சோதனையில் 30 டிகிரி கோணத்தருகே முகடு எழுந்தால் நெருக்கமான அடுக்கு. 28 அருகே எழுந்தால் பழையது. முகடு அகன்றிருந்தால் மணி பொடிசு.

மூலப்பொருளும் தூரமில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கோனியத்தின் தாதுவான ஜிர்கான் கிடக்கிறது.