பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: நடுவயதுப் பெண்ணும் வாழ்வின் நோக்கமும்

முன்னுரை

உலா இலக்கியத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் எவரும் எழுபருவ மகளிர் பட்டியலை எழுதிக் காட்டாமல் அப்பாடத்தைக் கடப்பதில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் இப்பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் வயது வரையறையும் தந்துள்ளன. நூல்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருப்பினும், இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண் 32 வயது முதல் 40 வயது வரை என்று கொள்வதே பெருவழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பட்டியலை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிக்கொண்டே பகுதிநேரமாகப் பயின்ற மாணவி ஒருவர், “41 வயதில் பெண்ணுக்கு என்ன பெயர்?” என்று வினவினார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அப்போது நாற்பதைக் கடந்திருந்த எனக்கு அவ்வினா வேடிக்கையாக மட்டும் தோன்றவில்லை. இன்று மலேசியப் பெண்ணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 77 ஆண்டுகள். சிங்கப்பூரில் அது ஏறத்தாழ 85 ஆண்டுகள். பட்டியல் முடிந்த இடத்தில் பெண்ணின் பாதி வாழ்க்கை எஞ்சியுள்ளது. அப்பாதி எதற்காக என்னும் வினாவைத் தமிழ் இலக்கிய மரபு, உளவியல், அண்மைக்கால வரலாறு ஆகிய மூன்றின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பட்டியல் அளந்தது எதனை?

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். எழுபருவப் பகுப்பு பெண்ணின் வாழ்க்கையை அளப்பதற்காக எழுந்ததன்று. பவனி வரும் தலைவனைக் காணும் மகளிர், வயதுக்கேற்ப எவ்வாறு காதல் வயப்படுகின்றனர் என்பதைப் பாடுவதற்காகப் புலவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கிய மரபே அது. காண்பவளின் ஆசை பாடுபொருளாக இருக்கும்வரை அவளுக்குப் பெயர் உண்டு; அது முடிந்ததும் பெயரும் முடிகிறது. இதில் குறை காண்பதற்கில்லை. இலக்கியத்துக்காக வகுக்கப்பட்ட எல்லையை வாழ்வின் எல்லையாகச் சமூகம் கருதத் தொடங்கும்போதுதான் இடர் தோன்றுகிறது.

சங்க இலக்கியம் முதிய மகளிர்க்குப் பணிகளை வழங்கியிருந்தது. அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்க்கிறாள். அவளைக் காணாதபோது தேடிச் செல்கிறாள். கட்டுவிச்சி குறி சொல்கிறாள். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லைப்பூவும் தூவி விரிச்சி கேட்கின்றனர். எனினும் இவை யாவும் பிறருடைய காதலுக்கும் பிறருடைய போருக்கும் துணை நிற்கும் பணிகள். பணி வேறு, நோக்கம் வேறு. பணி பிறரால் ஒப்படைக்கப்படுவது. நோக்கம் தானே தேர்ந்துகொள்வது.

தனக்கென நோக்கம் கொண்ட பெண்ணை மரபு அறியாமலில்லை. ஆனால் அதற்கு அது பெரும் விலை கேட்டது. ஔவையார் திருமணத்தைத் தவிர்ப்பதற்காக விநாயகரை வேண்டி இளமையிலேயே முதுமை பெற்றார் என்பது வழிவழி வந்த கதை. சங்க ஔவையாரின் பாடல்களில் இதற்குச் சான்றில்லை; ஔவையார் பலர் என்பதும் ஆய்வாளர் கருத்து. இருப்பினும் இக்கதை தோன்றியமையே சிந்திக்கத்தக்கது. பெண் ஊர் ஊராகச் சென்று அரசர்க்கும் எளியோர்க்கும் அறிவு புகட்ட வேண்டுமாயின், அவள் முதலில் கிழவியாக வேண்டும் என்று மக்கள் மனம் கருதியது. காரைக்கால் அம்மையார் வரலாற்றிலும் கணவன் நீங்கிய பின் அவர் தசையை உதறிப் பேயுரு ஏற்கிறார். அதன் பின்னரே கயிலை செல்கிறார். இளமையையும் உடலையும் துறந்தாலன்றி நோக்கம் இல்லை என்பதே இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் செய்தி.

உளவியல் கூறுவது

மேலைநாட்டு அறிவியலும் நெடுங்காலம் இதே தயக்கத்தோடுதான் இருந்தது. எரிக் எரிக்சன் 1950-இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்னும் நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். அவற்றுள் ஏழாவது நடுவயது. அடுத்த தலைமுறையை உருவாக்கி வழிநடத்தும் அக்கறையே அப்பருவத்தின் வளர்ச்சி என்றும், அவ்வக்கறை அமையாதபோது வாழ்வு தேங்கிவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். இதனைத் தமிழில் ‘தலைமுறை அக்கறை’ எனலாம். பிள்ளை பெறுவதை மட்டும் இது குறிப்பதன்று. கற்பித்தல், நிறுவனம் அமைத்தல், கலை வளர்த்தல் யாவும் இதனுள் அடங்கும்.

இத்தகைய வளர்ச்சிக் கோட்பாடுகள் ஆணின் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டன என்று கரோல் கில்லிகன் 1982-இல் சுட்டிக்காட்டினார். ஆண் தன்னை நிலைநிறுத்திக்கொண்ட பிறகு நடுவயதில் பிறர் மீது அக்கறை கொள்ளக் கற்கிறான். பெண்ணோ இளமை தொட்டே பிறரைப் பேணி வருகிறாள். எனவே நடுவயதில் அவள் எதிர்கொள்ளும் வினா வேறானது. இதுவரை பேணியதன் வழியாகப் பெற்ற ஆற்றலை இனி எதற்குப் பயன்படுத்துவது என்பதே அவ்வினா எனக் கொள்ளலாம்.

எரிக்சனின் எட்டுப் பருவங்களுக்குப் பின் ஒன்பதாம் பருவம் ஒன்று சேர்க்கப்பட்டதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. அதனை எழுதியவர் அவருடைய துணைவியார் ஜோன் எரிக்சன். 1903-இல் பிறந்த அவர், கணவர் மறைந்த பின், 1997-இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பில் தம் முதுமை அனுபவத்தையே சான்றாகக் கொண்டு அப்பகுதியை எழுதினார். பட்டியல் முடிந்துவிட்டது என்று பிறர் எண்ணிய இடத்தில் ஒரு மூதாட்டி இன்னொரு வரியைச் சேர்த்தார்.

மூவர் வாழ்வில்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) நாற்பதாம் வயதையொட்டிச் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் ஆற்றிய தொண்டு நாம் அறிந்ததே. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் அமைத்த இல்லத்துக்கு ‘அவ்வை இல்லம்’ என்று பெயரிட்டமை கருதத்தக்கது. அவர் உள்ளத்தில் மற்றொரு துயரமும் இருந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையாக உருப்பெற்றது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. மறு ஆண்டில் இளம் மருத்துவராக அங்குச் சேர்ந்த வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்நிறுவனத்தோடே வாழ்ந்தார். எரிக்சன் கூறிய தலைமுறை அக்கறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கேப்டன் லட்சுமி (1914–2012) நம் நாடுகளுக்கு நெருக்கமானவர். 1940-இல் சிங்கப்பூர் வந்து ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்த அவர், 1943-இல் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். அப்போது லட்சுமிக்கு வயது 28. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அங்கேயே அவரை விட்டுவிடுகின்றன. அவரோ கான்பூரில் நெடுங்காலம் மகப்பேறு மருத்துவம் பார்த்தார். 1971-இல் வங்காளதேச ஏதிலியர் முகாம்களில் பணியாற்றினார். 1984-இல் போபால் நச்சுவாயுப் பேரிடரின்போது மருத்துவக் குழுவோடு சென்றார். 2002-இல், 87 வயதில், இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் நோயாளிகளைக் கவனித்து வந்தார். இளமையின் புகழில் தங்கிவிடாமல், அன்று சிங்கப்பூரில் தொடங்கிய பணியையே அவர் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தார்.

இவ்விருவரும் மருத்துவம் படித்தவர்கள். கல்வி வாய்ப்பற்ற பெண்ணுக்கு இவர்கள் எங்ஙனம் முன்மாதிரியாவர் என்று கேட்கலாம். நியாயமான வினா. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். தாம் கண்டறிந்த தேவதாசி வாழ்வின் கொடுமைகளை நாவலாக்கி 1936-இல், 53 வயதில் வெளியிட்டார். 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குச் சென்ற நடைப்பயணத்தில் பங்கேற்றார். பின்னர்ச் சிறையும் சென்றார். தமக்குக் கிட்டாத உயர்கல்வியை ஏழை மாணவியர்க்கு உறுதிசெய்யும் தமிழக அரசுத் திட்டம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூவரிடமும் காணப்படும் பொதுமை இரண்டு. ஒன்று, எவரும் நடுவயதில் புதிய நோக்கத்தைத் தேடி அலையவில்லை. தாம் முன்பே அறிந்திருந்த துயரத்தையோ திறனையோ பெரிய வட்டத்துக்குக் கொண்டு சென்றனர். மற்றொன்று, எவரும் தனித்துச் செயற்படவில்லை. இல்லம், மருத்துவமனை, இயக்கம் என ஏதேனும் ஓர் அமைப்பு அவர்கள் நோக்கத்துக்கு உடலாக அமைந்தது. அமைப்பில்லாத நோக்கம் ஏக்கமாகவே எஞ்சிவிடும்.

நம் சூழலும் வகுப்பறையும்

ஜான்சி ராணிப் படையில் பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960-இல் மலாயாவில் மகளிர் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்துச் சம ஊதியத்துக்காகப் போராடினார். எழுபருவக் கணக்கில் அவர் அப்போது பேரிளம்பெண். இத்தகைய மரபு உடைய நாம், இன்று நாற்பதைக் கடந்த பெண் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, “இனி எதற்கு?” என்று வினவுகிறோம். பிள்ளைகள் வளர்ந்தபின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே அவள் கடன் என்று குடும்பமும் முடிவு செய்துவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பேணுதல் தாழ்ந்ததன்று. அவள் விரும்பி ஏற்றால் அதுவும் நோக்கமே. அவளைக் கேளாமலே ஒப்படைத்தால் அது செவிலிப் பணியாகிவிடும்.

தமிழாசிரியர்கள் இதில் செய்யத்தக்கது உண்டு. சிலப்பதிகாரம் கற்பிக்கும்போது கவுந்தியடிகளைத் துணைப் பாத்திரம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவர் கோவலன், கண்ணகிக்குத் துணையாக மட்டும் மதுரைக்குப் புறப்பட்டவர் அல்லர். அங்குள்ள அறவோரிடம் அறவுரை கேட்கும் விருப்பம் அவருக்கு முன்பே இருந்தது. இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தால், முதிய பெண்ணுக்கும் தன் பயணம் உண்டு என்பதை அவர்கள் இலக்கியத்தின் வழியே உணர்வர்.

முடிவுரை

நடுவயதுப் பெண்ணின் நோக்கம் இளமையைத் துறப்பதாலோ, புதிதாய் ஒன்றைக் கண்டெடுப்பதாலோ அமைவதன்று. அவள் ஏற்கெனவே பெற்றிருக்கும் அறிவுக்கும் அக்கறைக்கும் அவளே திசை வகுப்பதாலும், அதற்கு இடமளிக்கும் அமைப்புகள் இருப்பதாலும் அது அமைகிறது. பல்கலைக்கழகத் துறையும் தமிழ்ப்பள்ளியும் அத்தகைய அமைப்புகளாதல் கூடும்.

அன்று வினா எழுப்பிய ஆசிரியை பின்னர்த் தம் பட்டப்படிப்பை நிறைவு செய்தார். அவருடைய ஆய்வேட்டின் பொருள் சங்க இலக்கியத்தில் முதுமகளிர். அவர் கேட்ட பெயரைப் பாட்டியல் நூல்கள் தரவில்லை. இப்போது அப்பட்டியலை எழுதிக் காட்டும்போதெல்லாம், பேரிளம்பெண்ணுக்குக் கீழே ஒரு வரியை வெற்றிடமாக விட்டு, அதனை நிரப்புமாறு மாணவர்களிடம் கூறி வருகிறேன்.