சாப்பிடாத நாளிலும் இன்சுலின் எதுக்கு? டைப் 1 சர்க்கரை நோயில் தவிர்க்கக் கூடாத ஊசி

"இன்னைக்கு விரதம், எதுவும் சாப்பிடலை. அப்புறம் எதுக்கு ஊசி?" டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இயல்பாக வரும் சந்தேகம் இது. ஆனால், சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் வேறு. நீண்ட நேரம் வேலை செய்யும் 'பேஸல்' இன்சுலின் வேறு.

ஏன் தேவை?

பட்டினி கிடந்தாலும், தூங்கினாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுக்குள் வைப்பதுதான் பேஸல் இன்சுலினின் வேலை. கிளார்ஜின் சுமார் 24 மணி நேரமும், டெக்லுடெக் அதைவிடக் கூடுதலாகவும் வேலை செய்யும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

டைப் 1-ல் கணையம் இன்சுலினை அநேகமாகச் சுரப்பதே இல்லை. ஊசியும் நின்றுபோனால், உடல் கொழுப்பை வேகமாகக் கரைக்கத் தொடங்கும். கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என ஆரம்பித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இதுதான் 'கீட்டோ அசிடோசிஸ்'. இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தால்?

அப்போது இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். சாப்பிட முடியலைன்னாலும் பேஸல் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை, கீட்டோன் அளவைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

மறந்துட்டீங்களா?

இரண்டு டோஸைச் சேர்த்துப் போடக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். விரதம் இருப்பதாக இருந்தால், டோஸை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.