கதை விடலாம்... 'நடக்காது'னு மட்டும் சொல்லக் கூடாது!

'அதெல்லாம் நடக்காது சார்!' - ஆபீஸ் மீட்டிங் எதுவானாலும், இந்த வசனத்தைச் சொல்ல ஒரு ஆசாமி ரெடியாக இருப்பார். ஒரு நாட்டின் தலையெழுத்தே ஊசலாடிய நேரத்தில், இந்த வசனத்துக்குத் தடை போட்டு ஒரு கூட்டம் நடந்தது. அங்கே என்ன வேலை? உட்கார்ந்து கதை கட்டுவதுதான்!

இடம்: தென்னாப்பிரிக்கா. காலம்: 1991, செப்டம்பர்.

27 வருட சிறைவாசம் முடிந்து, மண்டேலா 1990 பிப்ரவரியில் வெளியே வந்திருந்தார். நிறவெறி ஆட்சி ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் அடுத்து என்ன? கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை எப்போது? சுரங்கமும் பண்ணையும் யார் கையில்? பதில் இல்லை. தினம் தினம் கலவரம், துப்பாக்கிச் சூடு. உள்நாட்டுப் போரில்தான் போய் முடியுமோ என்று உலகமே கவலைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் கேப்டவுன் அருகே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மான்ட் ஃப்ளர் என்ற இடத்தில் 22 பேர் கூடினார்கள். மண்டேலாவின் கட்சிக்காரர்கள், அவர்களோடு ஒத்துப்போகாத தீவிர இடதுசாரிகள், தொழிற்சங்கத்தார், வெள்ளைக்கார முதலாளிகள், பேராசிரியர்கள் என்று ஒருவருக்கொருவர் ஆகாத கூட்டம். நடத்திவைக்க வந்தவர் ஆடம் கஹேன் என்ற கனடாக்காரர். லண்டனில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில், எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம் என்று கதை தயாரிப்பதுதான் அவர் உத்தியோகம். நம்புங்கள், அதற்கும் சம்பளம் உண்டு!

அவர் போட்ட கண்டிஷன் சிம்பிள். 'அடுத்த பத்து வருடத்தில் என்ன நடக்க வேண்டும்' என்று பேசக் கூடாது. 'என்ன நடக்கலாம்' என்று கதை சொல்ல வேண்டும். கேட்பவர், 'நடக்காது', 'எனக்குப் பிடிக்கலை' என்று வாயைத் திறக்கக் கூடாது. இரண்டே கேள்விக்குத்தான் அனுமதி: 'ஏன் அப்படி நடக்குது?', 'அப்புறம் என்ன ஆகும்?'

இடதுசாரி ஒருவர் எழுந்து, சீன ராணுவம் உதவிக்கு வந்து வெள்ளைக்கார ஆட்சியைக் காலி செய்வதாகக் கதை சொன்னார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. சொல்லி முடிக்கும்போது, அது தேறாது என்று அவருக்கே புரிந்துவிட்டது. பேசாமல் உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் கடைசிவரை விட்டுக்கொடுத்திருப்பாரா?

கிட்டத்தட்ட முப்பது கதைகள். அலசி அலசி, 1992-ல் நாலு மிஞ்சின.

ஒன்று, நெருப்புக்கோழி: அரசாங்கம் மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறது, சமரசமே இல்லை. இரண்டு, சிறகொடிந்த வாத்து: சமரசம் உண்டு, ஆனால் புது அரசுக்கு எதையும் செய்யத் தெம்பில்லை. மூன்று, மெழுகுச் சிறகோடு சூரியன் பக்கம் போய் விழுந்த கிரேக்க இளைஞன் இகாரஸ்: மக்களின் அரசு வந்து, கஜானாவை வாரி இறைத்து, பொருளாதாரம் தலைகுப்புற விழுகிறது. நாலு, பூநாரைகள் - நம்ம கோடியக்கரைக்கு வருமே, அதே ஜாதி: மெள்ளக் கிளம்பி, எல்லோரும் சேர்ந்து உயரப் பறப்பது.

கதைகள் பத்திரிகை இணைப்பாக வெளிவந்தன. நாடு முழுக்கப் பல கூட்டங்களில் எடுத்துச் சொன்னார்கள். 'நான் நெருப்புக்கோழி இல்லை' என்று அதிபர் டி கிளார்க்கே சொல்லும்படி ஆனதாம்!

இதில் பெரிய விஷயம் மூன்றாவது கதைதான். 'நம்ம ஆட்சியே நாட்டைக் கவிழ்க்கலாம்' என்ற கதையை, ஆட்சிக்கு வரப்போகிறவர்களே உட்கார்ந்து கேட்டார்கள். எதிரி சொன்னால் அவதூறு. தானும் சேர்ந்து எழுதினால் எச்சரிக்கை! அந்த 22 பேரில் ஒருவரான ட்ரெவர் மானுவல், 1996-லிருந்து 2009 வரை நிதி மந்திரி. இன்னொருவர், டிட்டோ ம்போவேனி, 1999-ல் ரிசர்வ் வங்கி கவர்னர். கஜானா விஷயத்தில் இருவருமே கறார் பேர்வழிகள்.

அதற்காக, கதை எழுதியே நாடு திருந்திவிட்டது என்று சொன்னால் அதுதான் கப்ஸா. 1994 ஏப்ரலில் தேர்தல் நடந்ததற்குப் பின்னால் எத்தனையோ பேரின் போராட்டமும் பேச்சுவார்த்தையும் ரத்தமும் உண்டு. பூநாரைகளும் முழுசாகப் பறந்துவிடவில்லை. இன்றும் அங்கே வேலை தேடுகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வேலை கிடையாது. கறாராகக் கணக்குப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம் என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும், ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்தவர்கள் ஒரே மேஜையில் ஒரே கதையின் அடுத்த வரியைத் தேடினார்களே, அது சாதாரண சமாசாரமில்லை. நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் சும்மா ஒருநாள் செய்து பார்க்கலாம். '2040-ல் நம்ம தெரு' - ஆளுக்கொரு கதை. தண்ணீர் வராத கதையைச் சொல்லப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கட்டும். குறுக்கே பாயாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்...

'சரி சார், அப்புறம் என்ன ஆகும்?'